ஒரகடத்திலிருந்து ஒரு வார விடுப்பு

இருங்காட்டுக்கோட்டையில் உருவாகும் கார்கள் கப்பலேறி மெக்சிகோ வரை போயிருக்கின்றன. அங்கே துலூமில் கரீபியக் கடலைப் பார்த்தபடி மாயர் கட்டிய கற்கோயில்கள் நிற்கின்றன. கடலும் இடிபாடும் ஒரே இடத்தில் வேண்டுமென்றால் நமக்குச் சிங்கபெருமாள் கோவில், செங்கல்பட்டு, திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம் இருக்கிறது.

கடற்கரைக் கோயிலோடு திரும்பிவிடாதீர்கள். வடக்கே சாளுவன்குப்பத்தில், 2004 ஆழிப்பேரலைக்குப் பின் அகழ்ந்தெடுத்த முருகன் கோயில் இருக்கிறது. பல்லவர் காலக் கருங்கல்லுக்கு அடியில் அதைவிடப் பழைய செங்கல் தளம்! எத்தனை அகலமான செங்கற்கள், எவ்வளவு நேரான வரிசை! அச்சில் பிசகாமல் பாகம் பொருத்துகிறவர்கள் அவற்றை அடுக்கிய கைகளை உடனே அடையாளம் காண்பார்கள். முன்னால் கல்லில் செய்த வேல்.

அருகிலேயே புலிக்குகை. வெயில் ஏறுமுன் போய்விடுங்கள். மதியத்தைச் சிற்பக்கூடங்களுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.