டப்பாவுக்குள் ஒரு பிடி மணி

என் கேமரா குடியிருப்பது ஒரு பிளாஸ்டிக் டப்பாவில். மூடியில் ரப்பர் வளையம் பதித்த, பருப்பு கொட்டிவைக்கிற சாதாரண டப்பாதான். மூலையில் ஒரு துணி முடிச்சு. அதற்குள் ஒரு பிடி சிலிக்கா ஜெல் மணி. சென்னையின் கடற்காற்றிலும் கார்த்திகை மழையிலும் என் லென்ஸைக் காக்கும் தெய்வம் அது.

லென்ஸுக்குப் பெரிய எதிரி தூசி அல்ல, பூஞ்சை. தூசியை ஊதிவிடலாம். காற்றின் ஈரப்பதம் நாள்கணக்கில் அறுபது, எழுபது சதவீதத்தைத் தாண்டி நின்றால், கண்ணாடிகளுக்கு இடையே சிலந்தி நூல் போல இழை ஓடத் தொடங்கும். அது கக்கும் அமிலம் மேல்பூச்சை அரித்துவிட்டால், பிறகு எவ்வளவு துடைத்தாலும் தழும்பு போகாது. டப்பாவுக்குள் 40 முதல் 50 சதவீதம் போதும். அதைக் காட்ட, தீப்பெட்டி அளவில் ஒரு ஈரமானியும் உள்ளே கிடக்கிறது.

மணிகளைப் பார்ப்பதே எனக்குத் தனிச் சந்தோஷம். ஒரு கிராமுக்குள் இருக்கும் நுண்துளைகளின் பரப்பைக் கணக்கிட்டால் பல நூறு சதுர மீட்டர் வரும்! அத்தனை சுவரிலும் நீர் ஒட்டிக்கொள்கிறது. நீல மணி ஈரம் குடித்தால் இளஞ்சிவப்பாகும். அதிலுள்ள கோபால்ட் குளோரைடு நச்சு என்பதால் நான் ஆரஞ்சு நிறத்துக்கு மாறிவிட்டேன். அது நிறைந்ததும் கரும்பச்சையாகும். ஓவனில் 120 டிகிரியில் இரண்டு மணி நேரம் வைத்தால், மெல்ல மெல்ல ஆரஞ்சு திரும்பி வரும்.

நன்றாக ஆறிய பிறகே முடிச்சில் கட்டுவேன்.