தாண்டிய பக்கங்கள்

எனக்குச் சத்தம் போட்டுப் படிக்கிற பழக்கம். தனியா உட்கார்ந்து படித்தாலும் உதடு அசையும். "இத்தனை புஸ்தகம் படிச்சும் இன்னும் ஒண்ணாங்கிளாஸ் வாசிப்புத்தானா?" என்று காரைக்குடியில் நடந்த ஒரு இலக்கியக் கூட்டத்தில் நண்பர் ஒருவர் கேலி செய்தார். கண்ணால் மட்டும் படிப்பதுதான் நல்ல வாசகனுக்கு லட்சணமாம். ரசனை அந்த மௌனத்தில்தான் விளையுமாம். எனக்குப் படிப்பு வந்த வழி வேற.

அமராவதிபுதூரில் எங்க தெருவுக்கு நான்தான் கடுதாசி வாசிக்கிறவன். அஞ்சாவது படிக்கையிலேயே அந்த வேலை தலையில் விழுந்துவிட்டது. சிங்கப்பூரிலிருந்து, சென்னையிலிருந்து எப்பவாவது ஒரு கடுதாசி வரும். அதைச் சுற்றி எட்டுப் பேர் குத்தவைத்து உட்கார்ந்திருப்பார்கள். ஒருநாள் பக்கத்து வீட்டு அத்தைக்கு வந்த கடுதாசியில், இந்த வருசம் பணம் அனுப்ப முடியாது என்று இருந்தது. அத்தை அழுமே என்று அந்த வரியை முழுங்கிவிட்டு அடுத்ததுக்குப் போனேன். என் அப்பத்தா விடவில்லை. "ஒதடு அசையுது, சத்தத்தக் காணோமே? ஒரு எழுத்து விடாமப் படி அப்பு. அழுகிறது அவ பாடு." கையெழுத்துக்கூடப் போடத் தெரியாத கிழவி அது. நான் பார்த்த முதல் விமர்சகர் அவர்தான்.

புத்தகத்துக்குப் பேர்போன பூமி இது. காரைக்குடிக்கு அந்தப் பக்கம் கோட்டையூரில் ரோஜா முத்தையா சேர்த்து வைத்த நூல்களும் இதழ்களும் பிறவும் சுமார் ஒரு லட்சம். 1992இல் அவர் இறந்த பிறகு அந்தச் சேகரம் சென்னைக்குப் போய், 1994இல் அவர் பெயரிலேயே ஆராய்ச்சி நூலகமானது. நாடக நோட்டீசைக்கூடத் தூக்கி எறியாமல் வைத்த அந்த மனுசனுக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம்.

இதே வட்டாரத்துக்கு இன்னொரு ஏடும் உண்டு. சிவகங்கை தனி மாவட்டம் ஆனது 1985இல். அதற்கு முன் எல்லாம் இராமநாதபுரம். அந்த இராமநாதபுரம் ஜில்லாவில் 1930 டிசம்பரில் நாட்டார்கள் ஒடுக்கப்பட்ட மக்களுக்கு எட்டுத் தடைகள் போட்டார்கள். 1931 ஜூனில் அது பதினொன்றானது. 1931 மக்கள் கணக்கெடுப்பை நடத்திய ஹட்டன், சாதி பற்றிய தன் நூலில் அந்தப் பட்டியலைப் பதிவு செய்திருக்கிறார். சட்டை, நகை, குடை, செருப்பு என்று போகிற தடைகளுக்கு நடுவே இப்படியும் இருக்கிறது: இவர்கள் பிள்ளைகள் எழுத்து படிக்கக் கூடாது, மிராசுதாரர் மாட்டை மட்டும் மேய்க்க வேண்டும். அப்பத்தா அப்போது குமரி. ஒரு எழுத்து விடாமப் படி என்று அது ஏன் அடம்பிடித்தது என்பது இந்தப் பட்டியலைப் படித்த அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது.

பள்ளிக்கூட நாளில் 'பொன்னியின் செல்வ'னைக் கொண்டுவந்து அப்பத்தாவுக்குச் சத்தமாக வாசித்தேன். வந்தியத்தேவன் வீரநாராயண ஏரிக்கரையில் குதிரையில் வருகிற தொடக்கத்தைக் கண்ணை மூடிக் கேட்டது. "ஏரிய வெட்டுனது யாரு?" என்றது. இளவரசர் படையாட்களை வைத்து வெட்டினார் என்று புத்தகத்தில் இருந்ததைச் சொன்னேன். "சரி, வெட்டுனாக. வருசா வருசம் கரைக்கு மண்ணு சொமந்தது யாரு? மழைக்குள்ள மடையில காவ கெடந்தது யாரு?" நான் பக்கங்களைப் புரட்டினேன். அகப்படவில்லை. அன்றிலிருந்து எந்தப் புத்தகத்தை எடுத்தாலும் எங்க தெரு எங்கே வருகிறது என்று தேடுவது பழக்கமாகிப் போனது. பல நாவல்களில் வரவே வராது. வந்தாலும் கையைக் கட்டிக்கொண்டு வரும், இல்லாவிட்டால் செத்துப்போவதற்கென்றே வரும். இதை அழகு என்று சொல்லிக் கொடுத்த விமர்சகர்கள் தாண்டிப்போன பக்கங்களைத்தான் தலித் இலக்கியம் எழுத வந்தது என்று நாம் மேடைக்கு மேடை பேசினோம். அதில் எனக்கு இன்றைக்கும் சந்தேகமில்லை.

1992இல் பாமாவின் 'கருக்கு' வந்தபோது அப்பத்தா இல்லை. மதினியையும் தெருப் பெண்களையும் உட்காரவைத்து வாசித்தேன். ஒரு பெரியவர் பலகாரப் பொட்டலத்தைக் கையில் படாமல் நூலைப் பிடித்துத் தூக்கிப் போவதைப் பார்த்து அந்தச் சின்னப் பெண்ணுக்குச் சிரிப்பு வரும். அண்ணன் விவரம் சொன்ன பிறகுதான் சிரிப்பு கோபமாகும். வாசித்தபோது எங்க தெருவும் அதே வரிசையில்தான் முதலில் சிரித்தது, அப்புறம் கம்மென்று ஆனது. கொச்சை மொழி என்று மூக்கைப் பிடித்தவர்கள் இதை ஒருதடவை வாய்விட்டுப் படித்துப் பார்த்திருக்கலாம். இங்கே யாரும் யாருக்கும் அர்த்தம் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

அடுத்து 'சங்கதி', 1994. அதைத்தான் நான் சொல்ல வந்தேன். அதில் பெண்கள் மேல்சாதிக்காரனிடம் படுவதும் வருகிறது, வீட்டுக்குள் புருசனிடம் வாங்குகிற அடியும் வருகிறது. முதல் வகையை உரக்க வாசித்தேன். இரண்டாம் வகை வந்ததும் என் குரல் தானாக இறங்கியது. ஒரு இடத்தில் ரெண்டு பக்கத்தைச் சேர்த்துப் புரட்டிவிட்டேன். கூட்டத்தில் என் அண்ணனும் இருந்தார். அவர் கை நீளும் என்பது தெருவுக்கே தெரியும். மதினி எழுந்து வந்து புத்தகத்தில் விரலை வைத்தது. "ஏங் கொழுந்தனாரே, அவுகளப் பத்தின்னா கணீர்னு படிக்கிறீக. ஒங்களப் பத்தி வந்தா மட்டும் தாளு ஒட்டிக்கிருமோ?" பெண்கள் சிரித்தார்கள். அண்ணன் துண்டை உதறிக்கொண்டு எழுந்து போனார். நான் அந்த ரெண்டு பக்கத்தையும் வாசித்தேன். காது சுட்டது.

அதே வருசம் இமையத்தின் 'கோவேறு கழுதைகள்' வந்தது. ஒடுக்கப்பட்டவர்களுக்கே துணி வெளுத்து, அவர்கள் வாசலிலேயே சோறு வாங்கித் தின்கிற புதிரை வண்ணார் குடும்பத்துக் கதை. ஆரோக்கியத்தின் கண்ணில் நம்ம தெருதான் ஊர்த்தெரு. நம் வட்டாரத்திலேயே பெரிய சண்டை நடந்தது. எதிரி கையில் குச்சியைக் கொடுக்கிற எழுத்து இது என்று சொன்னவர்கள் பக்கம்தான் நானும் நின்றேன். சாதி இந்துக்கள் இதைக் காட்டி நம் வாயை அடைப்பார்கள் என்ற பயம் பொய்யில்லை. ஆனால் அந்தப் பயத்தை வைத்து ஒரு புத்தகத்துக்குத் தீர்ப்பு எழுதியது தப்பு. மதினி விரல் வைத்த பக்கத்தையும் நான் அதே காரணத்தைச் சொல்லித்தானே தாண்டினேன்? ஆரோக்கியம் வந்து கேட்டால் என்ன பதில் சொல்வேன்?

கே.ஏ. குணசேகரன் நம்ம மாவட்டம், இளையான்குடிப் பக்கம் மாரந்தை. அவரைப் படிப்பதற்கு முன்னால் கேட்டோம். இன்குலாப் எழுதிய 'மனுசங்கடா' பாட்டை அவர் குரலில் கேட்டு ரத்தம் சூடேறியவர்கள் நாம். 2005இல் வந்த 'வடு'வில் இளையான்குடி முஸ்லிம் வீடுகளில் புழங்கியதையும், கிராமத்தில் சாதி வழிமறித்ததையும் அடுத்தடுத்து வைக்கிறார். ஒப்பாரி வைக்காமல், பேச்சுவாக்கில். 2016இல் போய்விட்டார். இப்போது இந்த நூல்களெல்லாம் பாடமாகிவிட்டன. தேடிவருகிற மாணவர்கள் 'வலி' உள்ள பகுதி எது என்று கேட்டுக் கோடு போட்டுக்கொள்கிறார்கள். பொட்டலம் பார்த்துச் சிரித்த சிரிப்புக்கு யாரும் கோடு போடக் காணோம். அதுவும் ஒரு தாண்டல்தான்.

ஆக, ஒரு புத்தகத்தை நான் மதிப்பிடுகிற முறை இதுதான்: தெருவில் உட்கார்ந்து அதை வாய்விட்டுப் படிக்க முடிகிறதா, என் குரல் எந்த இடத்தில் இறங்குகிறது. இறங்கினால் குற்றம் எழுத்திலா என்னிடமா என்று பார்க்கிறேன். பாதிக்குமேல் என்னிடம்தான்.

இப்போது எனக்குக் கண்ணில் புரை. மதினி மகள்தான் சாயங்காலம் வந்து வாசிக்கிறாள். கெட்டிக்காரி, ஆனால் சில இடத்தில் வேகம் கூட்டுகிறாள். "அந்த எடத்த மறுபடி படி தாயி" என்கிறேன். "சித்தப்பா, அது ஒங்களுக்குப் பிடிக்காதுன்னுதான்..." என்று இழுக்கிறாள். பிடிக்காதுதான், படி என்கிறேன்.