அச்சேறுமுன் ஒரு ரசனை

கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் 1974இல் மூன்று சிறு புத்தகங்களாக உலகுக்கு அளித்த 'டஞ்சன்ஸ் அண்டு டிராகன்ஸ்' என்னும் கதையாட்டத்துக்குப் புதிய விதிநூல் வரப்போகிறது என்ற செய்தி பிறந்ததுமே, அது அச்சேறுவதற்கு நெடுநாள் முன்பே, ரசிகர்களிடையே மூளுகின்ற விவாதம் என் மனத்துக்கு மிகவும் உகந்தது. ஐந்தாம் பதிப்பின் வரைவு 2012 மே மாதம் பொதுமக்கள் கைக்கு வந்தது. 2014 ஆகஸ்டில் வெளியான ஆட்டக்காரர் கைந்நூலோ, அதை ஆடிப் பார்த்த 1,75,000க்கும் மேற்பட்ட ரசிகர்களுக்கு நன்றி கூறிற்று.

அவ்வரைவிலிருந்த விதி ஒன்றைச் சொல்ல வேண்டும். சந்தர்ப்பம் அனுகூலமானால் இருபது முகப் பகடைகள் இரண்டை உருட்டிப் பெரிய எண்ணைக் கொள்ளலாம். பிரதிகூலமானால் சிறியதே கதி. ஒரு பகடை மூன்றில் நின்றுவிட, மற்றது இன்னும் சுழன்றுகொண்டிருக்கையில் மேஜையைச் சுற்றியுள்ளோர் அனைவரும் மூச்சடக்கிக் குனிகிறார்களே, அந்த ஒரு க்ஷணத்துக்காகவே இவ்விதியை நான் கொண்டாடுவேன்.

2022இல் வந்த வேறொரு வரைவு, அரக்கர்களுக்குரிய பேரடியை, அதாவது பகடையில் இருபது விழும்போது மிகுதியான சேதம் விளைக்கும் அடியை, நீக்க முற்பட்டது, பலத்த ஆட்சேபம் எழுந்தது, யோசனை கைவிடப்பட்டது. தங்கள் வீரர்களுக்கு நேரக்கூடிய ஆபத்தைக் குறைக்க வேண்டாமென்று ஆட்டக்காரர்களே வாதாடியது எத்துணை உயர்ந்த ரசனை!