கத்திக்கு முன்னும் பின்னும்

ஹட்டன், நுவரெலியாப் பக்கத்துக் குளிரில் மூக்கடைப்பும் தலையிடியும் யாருக்கும் புதிதல்ல. பீனிசம் என்று டிஸ்பென்சரியில் மாத்திரை வாங்கிக்கொண்டு மலைக்கு ஏறிவிடுவார்கள். பெரும்பாலும் அது பீனிசமாகவே இருக்கும். மிக அரிதாக, மூளையைத் தாங்கும் எலும்புத் தளமான மண்டையோட்டு அடித்தளத்தில் வளரும் கட்டியும் இதே முகத்தோடு வரும். அதை அறுத்தெடுக்கும் கலை இன்று வெகுதூரம் வளர்ந்திருக்கிறது. அதில் தேயிலைத் தோட்ட லயத்துக் குடும்பத்துக்கு எவ்வளவு கிட்டுகிறது என்று பார்த்தால்தான் அதன் பலமும் குறையும் சரியாகத் தெரியும்.

பலத்தைத் தயங்காமல் சொல்லலாம். 1907இல் இன்ஸ்ப்ரூக் நகரில் ஹெர்மன் ஷ்லோஃபர் மூக்கை ஒருபுறம் வெட்டித் திருப்பித்தான் மூளையின் அடியிலுள்ள கபச்சுரப்பியின் கட்டியை எட்டினார். 1990களில் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க்கில் எண்டோஸ்கோப்பை மூக்குத் துளை வழியாகவே செலுத்தும் முறை வளர்ந்தது. முகத்தில் தழும்பில்லை, மூளையை ஒதுக்கவும் தேவையில்லை. மூளையைச் சூழ்ந்த நீர் மூக்கு வழியே கசிவதுதான் அதன் பெரிய குறையாக இருந்தது. பெரிய கட்டிகளை எடுத்தவர்களில் 20 சதவீதத்துக்கும் மேலானோருக்குக் கசிவு ஏற்பட்ட காலம் உண்டு. 2006இல் ஆர்ஜென்டினாவின் ஹடாட், பஸ்ஸாகஸ்டெகி இருவரும் மூக்கின் நடுச்சுவர்ச் சவ்வையே இரத்தக் குழாயோடு திருப்பி ஓட்டையை மூடும் முறையை வெளியிட்ட பிறகு, தேர்ந்த இடங்களில் அது 5 சதவீத அளவுக்கு இறங்கியது.

ஆனால் இந்தத் துறையில் உயிரைக் காப்பதும் வாங்குவதும் பெரும்பாலும் கத்தி எடுப்பதற்கு முன்பே முடிவாகிவிடுகிறது. பதின்வயதுப் பையனுக்கு ஒரே பக்க மூக்கில் அடிக்கடி இரத்தம் வடிந்தால் அது இரத்தக்குழாய் மிகுந்த நார்க்கட்டியாக இருக்கலாம். ஸ்கேன் பார்க்காமல் ஒரு துணுக்கு கிள்ளினாலே இரத்தம் அடங்காது. சிறு குழந்தையின் மூக்கில் சதை வளர்ச்சியாகத் தெரிவது எலும்பு வெடிப்பு வழியே இறங்கிய மூளைத் திசுவாக இருக்கலாம். கபச்சுரப்பிக் கட்டிபோலத் தெரிவது வீங்கிய நாடியாக இருந்துவிட்டால் கத்தி வைப்பது உயிருக்கே முடிவு. நீரிழிவுக்காரரின் காதிலிருந்து எலும்புக்குப் பரவிய கிருமித்தொற்று புற்றுநோய்போல ஸ்கேனில் நிற்கும். புரோலாக்டின் சுரக்கும் கபச்சுரப்பிக் கட்டிக்கோ பெரும்பாலும் கத்தியே வேண்டாம். கெபர்கோலின் மாத்திரையில் சுருங்கிவிடும். அதைச் சொல்ல ஓர் இரத்தப் பரிசோதனை போதும். மாதவிடாய் நின்று, பிள்ளை பெறாமலே பால் சுரக்கும் பெண்ணுக்கு அந்தப் பரிசோதனையைச் செய்யாமல் விடுவது பெரிய தவறு.

இந்தச் சிகிச்சையை நுவரெலியாவுக்கே கொண்டுவா என்று கேட்கலாமா? கூடாது. கோர்டோமா என்ற எலும்புக் கட்டி பத்து இலட்சம் பேரில் ஆண்டுக்கு ஒருவருக்கு வருவது. அதிலும் மூன்றில் ஒரு பங்குதான் மண்டையோட்டு அடியில். சுமார் 7 இலட்சம் பேர் வாழும் மாவட்டத்தில் அந்த இடத்துக் கோர்டோமா சில ஆண்டுகளுக்கு ஒருமுறைதான் வரும். எப்போதோ ஒருமுறை செய்பவரின் கையில் திறமை நிற்காது. ஆகவே இத்தகைய நோயாளரைக் கண்டிக்கும் கொழும்புக்கும் திரட்டுவது சரியான ஏற்பாடுதான். சில கோர்டோமாக்களுக்குப் பிறகு வேண்டியிருக்கும் புரோட்டோன் கதிர்ச்சிகிச்சைக்கு அருகிலுள்ள இடம் சென்னை. அங்கே அப்பல்லோவின் நிலையம் 2019இல் தொடங்கியது. அரச மருத்துவம் இலவசமான நாட்டில், அந்தக் கடைசிப் படி மட்டும் பணமுள்ளவருக்கே எட்டுகிறது.

குறை முதல் வாசலில் இருக்கிறது. 1872இல் கோப்பிப் பயிர்க் காலத்தில் வந்த மருத்துவச் சட்டத்திலிருந்தே தோட்டத்து வைத்தியம் தனி வழியில் ஓடிவந்தது. இன்றும் பல தோட்டங்களில் முதலில் பார்ப்பவர் மருத்துவ உதவியாளரே. டிக்கோயா கிளங்கன் வைத்தியசாலைக்கு இந்திய உதவியில் 150 கட்டில்களோடு புதிய கட்டடம் எழும்பி, 2017 மே 12 அன்று திறக்கப்பட்டது, நல்லதே. ஆனால் பக்கத்தில் நிற்பவர் மீது முட்டிக்கொள்ளும் அளவுக்கு ஓரப் பார்வை மங்கியவரையும், ஒரு காது மட்டும் மெல்ல மெல்ல அடைத்துப்போனவரையும் இனங்காணக் கட்டடம் தேவையில்லை. பார்வையை வைத்தியரின் விரலசைவே காட்டும். காதுக்கு ஓர் இசைக்கவை வேண்டும். இரண்டுக்கும் மேலாக, நோயாளி சொல்வதைத் தமிழில் கேட்டுக் குறிக்கும் ஓர் ஆள் வேண்டும்.

சத்திரசிகிச்சை முடிந்து லயத்துக்குத் திரும்பியபின் நடப்பதைத்தான் யாரும் கவனிப்பதில்லை. வாரக்கணக்கில் குனியக் கூடாது, பாரம் தூக்கக் கூடாது, மூக்கைச் சிந்தக் கூடாது. ஆனால் கொழுந்துக் கூடையின் கயிறு தலையில்தான் மாட்டப்படுகிறது. குளிரில் ஒருபக்க மூக்கில் தெளிந்த நீர் வடிந்தால், அதுவும் குனியும்போது கூடினால், அது சளியல்ல, மூளைநீராக இருக்கலாம், விட்டால் மூளைக்காய்ச்சல். கபச்சுரப்பி முழுதும் கெட்டவர் ஹைட்ரோகார்ட்டிசோன் மாத்திரையை ஆயுள் முழுதும் விடக் கூடாது. காய்ச்சலிலும் வாந்தியிலும் அது தவறினால் சாவுகூட நேரும். இவையெல்லாம் கிளினிக் கொப்பியில் தமிழில் எழுதப்பட வேண்டியவை.

நுவரெலியாவிலிருந்து கண்டிக்கு ஏறத்தாழ 75 கிலோமீட்டர். போகும் நாளுக்குப் பேர், அதாவது நாட்சம்பளம், கிடையாது. 2024இல் வர்த்தமானியில் வந்த நாட்சம்பளம் 1,350 ரூபாயாக இருந்தது. ஒரு கிளினிக்குக்கு ஒரு நாட்சம்பளத்தையும் பஸ் காசையும் சேர்த்து இழப்பவர் அடுத்த கிளினிக்கைத் தவறவிடுவதில் வியப்பில்லை. மூளைச் சத்திரசிகிச்சை செய்துகொண்ட தொழிலாளிக்குக் கிளினிக் நாளில் முழுப் பேர் போடுமாறு தோட்டக் கம்பனிகளிடமும், போக்குவரத்துச் செலவைக் கொடுக்குமாறு சுகாதார அமைச்சிடமும் தொழிற்சங்கங்கள் அடுத்த பேச்சுவார்த்தையிலேயே கேட்க வேண்டும்.