எள்ளலின் எல்லை: குடும்ப நகைச்சுவைக் கட்டுரையும் ஆரணித் தறிவீடும்

தமிழ் உரைநடை வரலாற்றில் குடும்ப நகைச்சுவைக் கட்டுரைக்குக் கிடைத்துள்ள இடம் சிறியது. எழுத்தாளர் தம்மையும் தம் மனைவி மக்களையும் மாந்தராக்கி எழுதும் இவ்வகை, ‘பத்திரிகை எழுத்து’ என்ற அடைமொழியோடு பெரும்பாலும் கடந்து செல்லப்படுகிறது. ஆயினும் இருபதாம் நூற்றாண்டுத் தமிழ் நடுத்தரக் குடும்பம் தன்னை எவ்வாறு காண விரும்பியது என்பதற்கு இதைவிட நேரான சான்று அரிது. இவ்வெழுத்தில் யார் யாரைக் கண்டு நகைக்கலாம் என்ற வரம்பு எங்ஙனம் அமைந்தது, எவ்வீட்டு வாயிலில் அது நின்றுவிட்டது என்பவற்றை எஸ்.வி.வி.யை முதன்மையாகக் கொண்டு இக்கட்டுரை ஆராய்கிறது.

தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் நகைக்குரிய நிலைக்களன்களுள் எள்ளலை முதலில் வைக்கிறது. பேராசிரியர் அதனை இரண்டாகப் பகுக்கிறார்: தான் பிறரை எள்ளி நகுதல் ஒன்று, பிறரால் எள்ளப்பட்டவிடத்துத் தான் நகுதல் மற்றொன்று. குடும்ப நகைச்சுவைக் கட்டுரை இவ்விரண்டையும் ஒரே குரலில் இணைக்கிறது. கணவன் மனைவியை எள்ளுகிறான், அவளால் எள்ளப்படுகிறான், இரண்டையும் எழுதுபவனும் அவனே. எனவே அவன் தன்னை முட்டாளாகக் காட்டிக்கொள்ளும் பணிவை அப்படியே ஏற்றுக்கொள்ள இயலாது. எழுதுகோல் தன் கையில் இருக்கும் வரை தோற்பதில் பெரிய இழப்பு ஒன்றுமில்லை.

எஸ்.வி. விஜயராகவாச்சாரியார் (1880–1950) திருவண்ணாமலையில் வழக்கறிஞராக இருந்தவர். 1920களில் ‘தி இந்து’ நாளிதழில் ஆங்கில நகைச்சுவைக் கட்டுரைகளால் பெயர் பெற்றார். ‘சோப் பபிள்ஸ்’ என்ற அவரது ஆங்கிலத் தொகுப்பு வழக்கறிஞர் அறைகளிலும் ரயில் பெட்டிகளிலும் விரும்பிப் படிக்கத்தக்க எழுத்து. பின்னர் 1930களில், கல்கியின் தூண்டுதலால், ஆனந்த விகடனில் தமிழில் எழுதத் தொடங்கினார். இம்மாற்றத்தை ஓர் ஆசிரியர் தாய்மொழிக்குத் திரும்பிய நிகழ்வாக மட்டும் கருதுவது போதாது. இங்கே மாறியது நகையைக் கேட்கும் அவை.

1920களில் ஆங்கிலத்தில் வீட்டைப் பற்றி எழுதுதல் என்பது, அவ்வீட்டுப் பெண்களில் பெரும்பாலோர் படிக்கவியலாத மொழியில் அவர்களைப் பற்றிப் பேசுதலாகும். அங்கே மனைவியின் பேச்சு மொழிபெயர்ப்பாகவே நிற்கிறது. வழக்கங்கள் விளக்கம் பெற்றே நுழைகின்றன. விகடனிலோ எள்ளப்பட்டவரே வாசகராயினர். ஊஞ்சற்பலகையில் அமர்ந்து ஒருவர் உரக்கப் படிக்க, அடுக்களையிலிருந்து மற்றவர் கேட்கும் சூழலில், மனைவியைப் பற்றிய நகை அவள் முன்னிலையிலேயே நின்று பிடிக்க வேண்டியதாயிற்று. எஸ்.வி.வி.யின் தமிழ் எழுத்தில் உரையாடல் பெருகியதற்கும், அய்யங்கார் வீட்டுப் பேச்சு அதன் குழைவும் குத்தலும் கெடாமல் பதிவானதற்கும் இதுவே காரணம் என்பது என் துணிபு. பெண்குரல் அங்கே கணவனின் சுருக்கவுரைக்குள் அடங்குவதில்லை, பக்கத்தை எடுத்துக்கொள்கிறது. அவருடைய ஆங்கில நடையின் நேர்த்தியைப் போற்றுவோர் உளர். எனக்குத் தமிழ் எஸ்.வி.வி.யே மேலானவராகத் தோன்றுகிறார்.

அவருக்குப் பின் இவ்வகை பலர் கையில் வளர்ந்தது. ‘கடுகு’ என்ற பெயரில் எழுதிய பி.எஸ். ரங்கநாதனின் கமலாவும் அவள் தம்பி தொச்சுவும் இவ்வச்சிலிருந்து பிறந்தவர்களே. பாக்கியம் ராமசாமி (ஜ.ரா. சுந்தரேசன்) 1963இல் குமுதத்தில் தொடங்கிய அப்புசாமி–சீதாப்பாட்டிக் கதைகள் ‘நான்’ என்ற கணவனை நீக்கிவிட்டு, ஆங்கிலம் பேசும் மனைவியைக் கழகத் தலைவியாகவும் கணவனை அவளிடம் காசு கேட்டு நிற்பவனாகவும் மாற்றின. கட்டுரையிலிருந்து புனைகதைக்கு நகர்ந்ததால் கிடைத்த உரிமை அது. எனினும் வீட்டின் அடிப்படை அமைப்பு மாறவில்லை: உழைப்பு வீட்டுக்கு வெளியே நிகழ்கிறது, அல்லது நிகழ்ந்து முடிந்துவிட்டது. வீடு என்பது செலவழிக்கும் இடம்.

செலவுகளுள் தலையாயது பட்டுப்புடவை. தீபாவளி, கல்யாணம், கடை வாசலில் காத்திருக்கும் கணவன், அவனுக்கு வேறுபாடு தெரியாத இரு வண்ணங்கள், விலைச்சீட்டைக் கண்ட திகைப்பு: குடும்ப நகைச்சுவையின் நிலைத்த கருவிகள் இவை. இப்புடவை எங்கிருந்து வருகிறது என்று கேட்டால் ஆரணியைத் தவிர்க்க முடியாது. எஸ்.வி.வி.யின் திருவண்ணாமலையும் ஆரணியும் இன்று ஒரே மாவட்டத்தில் உள்ளன. புவிசார் குறியீடு பெற்ற ஆரணிப் பட்டு, காஞ்சிப் பட்டைவிட எடையிலும் விலையிலும் குறைந்தது என்பதாலேயே மாதச் சம்பளக் குடும்பத்துக்கு எட்டியது. அதாவது நகைச்சுவைக் கட்டுரையின் குமாஸ்தா கணவன் பெருமூச்சுடன் வாங்கித் தரும் புடவை ஆரணித் தறியில் நெய்யப்பட்டதாக இருப்பதற்கு வாய்ப்பு மிகுதி.

தறிவீட்டில் இவ்வகை நகைச்சுவையின் முதல் நிபந்தனையே பொருந்தாது. அங்கே அலுவலகம் என்று தனியிடம் இல்லை; குழித்தறி வீட்டுக்குள் இருக்கிறது. கணவன் தறியில் அமர, மனைவி தார் சுற்றுகிறாள். பாவு பிணைக்கையில் இருவரும் குனிகின்றனர். கரைக்குக் கோர்வை போட எதிர்ப்பக்கத்தில் ஒரு துணைக்கை வேண்டும், அதுவும் பெரும்பாலும் வீட்டாருடையதே. கணவனின் ‘அறியாமை’ என்ற நகைப்பொருள் இங்கே செல்லாது. கடை வாசலில் நிற்பவனுக்குத் தெரியாத வண்ண வேறுபாட்டை இவன் பல நாள் கண்ணெதிரே வைத்து நெய்தவன்; ஜரிகையின் எடையும் கூலியின் கணக்கும் இருவருக்கும் மனப்பாடம். மழைக்காலத்தில் குழியில் ஈரம் ஊறித் தறி நின்றுபோனால், அவ்விழப்பு சம்பளத் தாமதம்போல் வெளியிலிருந்து வந்து சேரும் செய்தியன்று. அடுப்புக்கு அருகிலேயே நின்றுகிடப்பது அது.

இதனால் தறிவீட்டில் நகை இல்லை என்று கொள்ளலாகாது. ஓரிடத்தில் நாள் முழுதும் சேர்ந்து உழைக்கும் இருவருக்கிடையே எள்ளல் பெருகவே செய்யும். பாவும் பட்டும் தந்து புடவையை வாங்கிக்கொள்ளும் முதலாளி, கூலிக் கணக்கு, பாதியில் அறுந்த இழை, துணைக்கு உட்காராமல் நழுவும் பிள்ளை என அதன் பொருள்கள் வேறு. இந்நகை அச்சேறவில்லை என்பதே வேறுபாடு. நெசவாளர் குடும்பம் தமிழ் எழுத்தில் இடம்பெறாமல் போகவில்லை: தொ.மு.சி. ரகுநாதனின் ‘பஞ்சும் பசியும்’ (1953), எம்.வி. வெங்கட்ராமின் ‘வேள்வித் தீ’ ஆகியன முதன்மையான ஆக்கங்கள். திரையில் ‘காஞ்சிவரம்’ (2008) உண்டு. இம்மூன்றிலும் தறிவீடு பசியாகவும் துயரமாகவுமே நினைவில் நிற்கிறது. வாங்குவோர் வீட்டுக்கு நகையும் நெய்வோர் வீட்டுக்கு அவலமும் என்று சுவைகள் பங்கிடப்பட்டுவிட்டன. பரிவின் பெயரால் நிகழ்ந்த பங்கீடாயினும், தன் வீட்டு அபத்தத்தைத் தானே சொல்லிச் சிரிக்கும் தகுதியை அது ஒரு சாராருக்கு மட்டும் அளிக்கிறது. முன்னர்க் கூறிய எழுதுகோலின் உரிமை இங்கே பாலின எல்லையைக் கடந்து தொழிலின் எல்லையாகிறது.

ஊர்ப்பிறப்பு மட்டும் இதனை மாற்றிவிடுவதில்லை. ஆரணி குப்புசாமி முதலியார் தம் ஊரைப் பெயரிலேயே தாங்கியிருந்தும் ஆங்கிலத் தழுவலான துப்பறியும் புதினங்களின் மர்ம மாளிகைகளையே வாசகர்க்குத் தந்தார். அக்கால வாசக வேட்கை அது, குறை கூறுவதற்கில்லை. பாக்கியம் ராமசாமியின் சொந்த ஊரான சேலம் மாவட்டத்து ஜலகண்டாபுரமும் நெசவுக்குப் பெயர் பெற்றதே. ஆனால் அவருடைய தம்பதியர் குடியேறியது சென்னையில்.

எஸ்.வி.வி.யின் வாசகர் வட்டத்துக்குள் மனைவியர் நுழைந்தபோது நகையின் மொழி மாறியதைக் கண்டோம். இன்று ஆரணித் தறிவீடுகளிலிருந்து கல்லூரிக்கு வரும் மாணவர்கள் நம் வகுப்பறைகளில் இருக்கின்றனர். நகைச்சுவைக் கட்டுரை பாடமாகும்போது அவர்களுக்கு நாம் அளிக்கும் மாதிரி, விலைச்சீட்டைக் கண்டு திகைக்கும் கணவனே. அப்புடவையைத் தறியிலிருந்து அறுத்து மடித்த அன்று தம் வீட்டில் என்ன பேச்சு நடந்தது என்பதை எழுதச் சொல்லும் பயிற்சி, நெசவூர்க் கல்லூரிகளின் தமிழ்த்துறைகள் இப்பருவத்திலேயே தொடங்கக்கூடியது.