வாசகர் யார்? இயந்திர வாசிப்பும் பதிவேடுகளும் பற்றிய ஒரு விமர்சனம்

இலக்கியத்தைப் பற்றிப் பேசுவோர் எழுத்தாளனைப் பற்றி நிறையப் பேசுவர். வாசகனைப் பற்றிப் பேசுவது குறைவு. ஆயினும், எழுதப்பட்டது எவரைச் சென்றடைகின்றது என்னும் வினா எழுத்தின் சமுதாயப் பயனோடு பிரிக்கவியலாதவாறு பிணைந்துள்ளது. இன்று இவ்வினா புதியதொரு வடிவில் எம்முன் எழுந்து நிற்கின்றது. செயற்கை அறிவுக் கம்பனிகளின் தானியங்கி நிரல்கள், அதாவது 'பொட்' எனப்படுபவை, இணையத்திலுள்ள ஏடுகளை ஓய்வின்றி எடுத்துச் செல்கின்றன. அவற்றின் வருகையை எண்ணிக் கணக்குச் சொல்வதற்கென ஒரு வணிகமும் பிறந்துவிட்டது. அவ்வணிகத்தையும் அதன் மூலப்பொருளாகிய பதிவேட்டையும் ஆராய்வதே எமது நோக்கம்.

முதலில் பொருளை விளங்கிக்கொள்வோம். ஓர் இணையத்தளத்தை நாம் திறக்கும்போது, பல வேளைகளில் அத்தளத்தின் சொந்தச் சேவையகம் பதிலளிப்பதில்லை. உலகின் பல நகரங்களிற் பிரதிகளைச் சேமித்து, வாசகருக்கு அண்மையிலிருந்து வழங்கும் உள்ளடக்க விநியோக வலையமைப்பே பதிலளிக்கின்றது. 1998 இல் அமெரிக்காவிலே தொடங்கப்பட்ட அகமாய் நிறுவனம் இத்துறையின் முன்னோடிகளுள் ஒன்று. ஒவ்வொரு வேண்டுகோளுக்கும் இவ்வலையமைப்பு ஒரு வரி எழுதிவைக்கின்றது: வந்த நேரம், வந்தவரின் இணைய முகவரி, கேட்ட பக்கம், கிடைத்த விடை, அனுப்பிய அளவு, வந்தவர் தமக்குச் சூட்டிக்கொண்ட பெயர். சேமித்த பிரதியிலிருந்து விடை போய்விடுவதால், தளத்தின் சொந்தக்காரர் அவ்வருகையை அறியார். உலாவியினுள் இயங்கி வாசகரை எண்ணும் நிரல்களை இந்தப் பொட்டுகளிற் பெரும்பாலானவை இயக்குவதில்லையாதலால், அக்கணக்கிலும் அவை அகப்படுவதில்லை. ஆகவே விநியோகிப்பவரின் பதிவேடே நம்பத்தக்க சாட்சியாகின்றது. அதனை வரிக்கு வரி, உடனுக்குடன், பகுப்பாய்வுச் சேவை ஒன்றுக்கு ஓடவிடும் வழக்கம் இவ்வாறே தோன்றியது.

இத்தேவை பொய்யானதன்று. 2024 மே மாதத்தில், மென்பொருள் விளக்க ஏடுகளை வழங்கும் றீட் த டொக்ஸ் தளத்திலிருந்து ஒரேயொரு நிரல் 73 ரெராபைற் அளவான கோப்புகளை எடுத்துச் சென்றது. அதனால் 5,000 டொலருக்கு மேல் செலவாயிற்று. தனது தளங்களின் பக்கங்களைப் பார்ப்போரில் பொட்டுகள் ஏறத்தாழ 35 வீதமே எனினும், மிகுந்த செலவுக்குரிய போக்குவரத்தில் 65 வீதம் அவற்றாலேயே விளைகின்றது என விக்கிமீடியா நிறுவகம் 2025 இல் அறிவித்தது. பொதுமக்களின் நன்கொடையாலும் தொண்டர்களின் உழைப்பாலும் உருவான அறிவு தனியார் மூலதனத்தின் கச்சாப்பொருளாகின்றது. அதை ஏற்றிச்செல்லும் கூலியையும் பொதுமக்களே கொடுக்கின்றனர். சுரண்டல் என்னும் சொல்லுக்கு இதைவிடத் தெளிவான உதாரணம் வேண்டுமோ?

தடுப்பதற்கு வழியில்லையா என வாசகர் வினவலாம். 1994 இல் மார்ட்டின் கொஸ்ரர் முன்வைத்த ஓர் ஏற்பாடு உண்டு: தளத்தின் வாயிலில் ஒரு சிறு கோப்பை வைத்து, எவர் எங்கே புகலாகாது என எழுதிவிடலாம். 2022 இல் அது முறையான நியமமாக வெளியிடப்பட்டது. ஆனால் அது வேண்டுகோளேயன்றிப் பூட்டன்று. மேலும், பதிவேட்டிற் காணப்படும் பெயர் வந்தவர் தாமே சொன்னது. ஜிபிடிபொட் என மெய்யுரைத்து வருவதும் உண்டு. சாதாரண உலாவியின் வேடம் பூண்டு வருவதும் உண்டு. ஆகையால் ஏட்டுச்சுவடியின் பாடபேதங்களை ஒப்புநோக்கும் பதிப்பாசிரியரைப் போல, பெயரையும் முகவரியையும் கம்பனிகள் வெளியிடும் முகவரிப் பட்டியலோடு ஒப்பிட்டே தீர்ப்புக் கூறல் வேண்டும். பகுப்பாய்வுச் சேவை விற்கும் திறமை பெரிதும் இதுவே.

நிற்க. இச்சேவையை வாங்குவோர் இரு திறத்தார். எந்தப் பொட்டைத் தடுப்பது என அறிய விரும்புவோர் ஒரு சாரார். எந்தப் பொட்டைக் கவர்வது, அதன் விடைகளில் தமது பெயர் வருமாறு எவ்வாறு எழுதுவது என அறிய விரும்புவோர் மறு சாரார். இரு சாராருக்கும் விற்கப்படுவது ஒரே அட்டவணையே. இரண்டாம் போக்கு எழுத்தாளருக்குக் கேடு பயப்பது. மக்களுக்காக எழுதுதல் என்னும் இலட்சியத்தை ஒரு காலத்திற் சந்தை திரித்தது. இன்று இயந்திரத்தின் சுவைக்கு எழுதுதல் என்னும் இன்னொரு திரிபு தலைகாட்டுகின்றது. அட்டவணையிற் கோடு உயர்வதைக் கண்டு மகிழும் ஆசிரியர், தம்மை ஒரு மனிதரேனும் வாசித்தாரா என்று கேட்க மறந்துவிடுகிறார்.

இதனினும் பாரதூரமானது மற்றொன்று. பொட்டின் வரியும் மாணவியின் வரியும் ஒரே பதிவேட்டில் அடுத்தடுத்து நிற்கின்றன. முழுப் பதிவேட்டையும் அனுப்பினால், எவர் எந்நேரத்தில் எதைப் படித்தார் என்ற செய்தியும் மூன்றாம் கையொன்றுக்குப் போய்ச்சேரும். மாறும் இணைய முகவரியும் தனிமனிதத் தரவாகலாம் என ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றம் 2016 இல் தீர்ப்பளித்தது இக்காரணம் பற்றியே. 2005 முதல் ஈழத்து ஏடுகளை இலவசமாக வழங்கிவரும் நூலகம் போன்ற திறந்த களஞ்சியங்கள் யாவும் இவ்வினாவை எதிர்நோக்க வேண்டியவையே. திருடனைப் பிடிப்பதற்காக வீட்டாரின் நாட்குறிப்பை அயலாரிடம் ஒப்படைத்தல் அறிவுடைமையாகாது.

2025 ஜூலையில் கிளவுட்ஃபிளேர் நிறுவனம், புதிதாகச் சேரும் தளங்களில் இத்தகைய பொட்டுகளை இயல்பாகவே தடுக்கவும், எடுப்பதற்குக் கட்டணம் அறவிடும் முறையைப் பரீட்சிக்கவும் தொடங்கியது. இதனை எழுத்தாளரின் வெற்றி எனச் சிலர் போற்றினர். தடுக்கும் உரிமை கிடைத்தது நன்றே. ஆனால் வாயிற்காவலும் வருகைப் பதிவேடும் சுங்கமும் ஒரே கையிற் சேரும்போது, ஓர் ஏகபோகத்திடமிருந்து தப்ப மற்றொன்றின் நிழலில் ஒதுங்குகிறோம் என்பதையும் மறத்தலாகாது.

இயந்திரத்தை உடைப்பது எமது வாதமன்று. உடைமை யாரிடம் என்பதே எமது வினா. பதிவேட்டை முதலிற் சொந்தக் களஞ்சியத்துக்கே வரவழைக்கலாம். எண்ணித் தரும் கட்டற்ற மென்பொருள்கள் உள்ளன, கோஅக்செஸ் அவற்றுள் ஒன்று. வெளியாரின் உதவி வேண்டுமெனின், தம்மைப் பொட்டென அறிவித்த வரிகளை மட்டும் அனுப்பலாம். வேடம் பூண்டவை இவ்வாறு தப்பிவிடும் என்பது மெய்யே. அவற்றை வீட்டிலேயே ஆராய்ந்து, முகவரியின் இறுதிப் பகுதியை அழித்து, மொத்தக் கணக்கை மட்டும் வெளியிடலாம். குறித்த நாட்களின் பின் பழைய வரிகளை அழித்துவிடல் வேண்டும். சிறு நூலகங்கள் தனித்தனியே இதனைச் செய்யமாட்டா. கூட்டுறவு முறையிற் செய்யும். ஆசிரியரும் மாணவரும் இவ்வேலையிற் பயிற்சி பெறுதல் அவசியம்.

எமது ஏட்டை எடுத்துச் செல்வோர் எவர் என அறியும் உரிமை எமக்குண்டு. எமது வாசகர் எதை வாசித்தார் என்பதைப் பண்டமாக்கும் உரிமையோ எவருக்கும் இல்லை.