ஊர்ப் பெயரும் ஓசை மயக்கமும்

ஊர்ப் பெயர் ஆராய்ச்சி தமிழர்க்கு உவப்பான துறை. அறிஞர் ரா. பி. சேதுப்பிள்ளை ‘தமிழகம் ஊரும் பேரும்’ என்னும் நூலை 1946இல் தந்த பின்னர், அவ்வுவப்பு மேலும் வளர்ந்தது. ஆர்வம் நன்றே. ஆயினும் ஓசை ஒன்றையே சான்றாகக் கொண்டு அயல்மொழிப் பெயர்களையும் தமிழென நாட்டுவது ஆராய்ச்சி ஆகாது.

சிங்கப்பூர், கோலாலம்பூர் என்னும் இரு தலைநகரங்களைக் காண்போம். தமிழில் எழுதுங்கால் இரண்டும் ‘பூர்’ என்றே முடிகின்றன. இரண்டிலும் ‘ஊர்’ உறைவதுபோலத் தோன்றும். சிங்கப்பூர் என்பது சிங்கபுரம். வடமொழிச் சொற்களால் ஆன பெயர். கோலாலம்பூரிலோ பெயரைப் பிரிக்கும் இடமே வேறு. மலாயில் ‘குவாலா’ என்பது ஆற்றுக் கூடல், அல்லது கழிமுகம். ‘லும்பூர்’ என்பது சேறு. கிள்ளான் ஆறும் கோம்பாக் ஆறும் கூடுமிடத்தில் எழுந்த நகரம் அது. முன்னதில் புரம் உண்டு. பின்னதில் ஊரும் இல்லை, புரமும் இல்லை.

பினாங்குக்கு வருவோம். ‘பினாங்’ என்பது கமுகு. எனவே அது கமுகுத் தீவு. 1786இல் பிரான்சிஸ் லைட் வந்திறங்கிய முனைக்குத் ‘தஞ்சோங் பெனாகா’ என்று பெயர். அங்கெழுந்த நகருக்கு மூன்றாம் ஜார்ஜ் மன்னர் பெயரால் ஜார்ஜ் டவுன் என்று பெயரிட்டனர். தஞ்சோங் என்றதும் தஞ்சையை நினைத்தல் வேண்டா. அது கடலுள் நீண்ட நிலமுனை. பெனாகா என்பது நம் புன்னை. மலாக்காவும் நெல்லி மரத்தால் பெயர் பெற்றது என்பது மலாய் மரபு. நம் நாட்டிலும் புன்னைநல்லூர் உண்டு, நெல்லிக்குப்பம் உண்டு. மரத்தைக் கண்டு ஊருக்குப் பெயரிடும் வழக்கம் இரு மக்களுக்கும் பொது. உறவு ஒலியில் இல்லை, நோக்கில் உள்ளது.

அவ்வாறாயின் அந்நகர்ப் பெயர்களில் தமிழர் வரலாறு இல்லையோ எனின், உண்டு. கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலையே அதற்குச் சான்று. ஆங்கில முதலமைச்சர் பிட் பெயரால் முன்னர் வழங்கிய அத்தெரு, பின்னர்ப் பள்ளிவாசலின் பெயரைப் பெற்றது. அப்பள்ளிவாசல் 1801இல் தென்னிந்திய முஸ்லிம்களின் தலைவர் காதிர் முகைதீன் அமைத்தது. ‘கப்பித்தான்’ என்பது போர்த்துகீசிய வழிவந்த சொல். தலைவன் என்பது பொருள். ‘கெலிங்’ என்பது கலிங்கத்தின் திரிபு என்பர் பெரும்பாலோர். கலிங்க நாட்டின் பெயர் நம் பழந்தமிழில் ஆடையைக் குறித்தது. மலாயிலோ கடல் கடந்து வந்த தென்னாட்டாரைக் குறித்தது.

பிற்காலத்தில் அச்சொல் இழிவுப் பொருளும் ஏற்றது. இன்று ஒருவரை அவ்வாறு அழைத்தல் அவரைப் புண்படுத்தும், அது கடியத்தக்கதே. அதற்காகப் பள்ளிவாசலின் பெயரை மறைக்க நினைத்தல் முறையன்று. அங்கே அது வணிகர் குடியின் தலைவரைப் போற்றும் பெயராகவே நிற்கிறது. ஆசிரியர்கள் மாணவர்க்கு இரு பொருளையும் வரலாற்றோடு விளக்குதல் வேண்டும்.

தமிழோசை உள்ள கோலாலம்பூரில் தமிழ்ச்சொல் இல்லை. தமிழோசை சற்றும் இல்லாத கெலிங்கில் தமிழர் வரலாறு இருக்கிறது. ஆதலின் பழைய வடிவம் யாது, எம்மொழியினர் இட்டது, நிலத்தின் இயல்பு எத்தகையது என்பவற்றை முதலில் வினவுக. ஓசையை இறுதியில் கேட்பதே முறை.